சத்தியம் பண்ண மாட்டேன்

லோகப்பிரியா அன்னூர்ப் பக்கத்துப் பெண். கோவையில் ஒரு பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்தாள். போதைப் பழக்கத்தைத் தடுக்க, மாணவர்களிலேயே சிலருக்குச் சக மாணவர்களிடம் பேசப் பயிற்சி கொடுக்கப்போவதாகக் கல்லூரியில் அறிவித்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். அப்பா தனபாலுக்கு அது பிடிக்கவில்லை.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அம்மணி இந்த வம்பு?"

"எல்லாரும் ஒதுங்கிப் போனா எப்படிங்கப்பா?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

பயிற்சியில், கோட்டைமேட்டிலிருந்து வரும் சக மாணவன் சுஃப்யான் போதைக்கு அடிமையானவனாக நடித்தான். அவள் அவனிடம் பேச வேண்டும். கல்லீரல், சட்டம், ஜெயில் என்று மூச்சுவிடாமல் பேசி முடித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். சுஃப்யான் மட்டும் தட்டவில்லை.

"தப்பா நெனைக்காதே லோகா. நெசமாவே நான் மாட்டியிருந்தா, நீ பேச ஆரம்பிச்சதுமே எந்திரிச்சுப் போயிருப்பேன்."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் மதிய இடைவேளையில் அவனையே உட்காரவைத்து மறுபடி மறுபடி பழகினாள். பேசுவதைவிட, எதிரில் இருப்பவர் பேசும்வரை சும்மா இருப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

அந்தப் பாடு சீக்கிரமே உதவியது. அவள் வகுப்பில் ஜெரோம் என்றொருவன். வால்பாறையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயனிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவன். கல்லூரி அணியின் கோல்கீப்பர். கொஞ்ச நாளாக மைதானத்துக்கே வருவதில்லை. ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில், லேத் கடைசல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் கை நடுங்கி உள்ளே சரிந்தது. பக்கத்தில் நின்ற லோகப்பிரியா பாய்ந்து மெஷினை நிறுத்தினாள்.

வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தவனின் அருகில் அவளும் உட்கார்ந்தாள்.

"அட்வைஸ் பண்ண வந்தியா?"

"இல்ல. உன் கையப் பாத்துப் பயந்துபோட்டேன். அதான் வந்தேன்."

அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. இருவரும் எழவில்லை. வெகுநேரம் கழித்து அவனே சொன்னான்: "தோள் வலிக்குன்னு ஒருத்தன் மாத்திரை கொடுத்தான். வலி போயிருச்சு. மாத்திரையைத்தான் விட முடியல. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

சரியென்று சொல்லிவிடுவது எளிது. அவள் சொல்லவில்லை.

"சத்தியம் பண்ண மாட்டேன் ஜெரோம். உன் உசுருக்கு ஆபத்துன்னா சொல்லிப்போடுவேன். ஆனா மொதல்ல உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் மத்தவங்ககிட்டப் போவேன். அதுவரைக்கும் நீ லேத் பக்கம் போகக் கூடாது."

அவன் கோபத்தோடு எழுந்து போய்விட்டான். எதிரில் வந்தாலும் முகம் கொடுக்கவில்லை. காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று அவள் தவித்துப்போனாள். ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் அவனே தேடி வந்தான். "டாக்டர்கிட்டப் போகணும். கூட வர்றியா? பொய் சொல்லாம பேசினது நீ மட்டுந்தான்" என்றான்.

சுஃப்யானையும் அழைத்துக்கொண்டு மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். சிகிச்சை தொடங்கலாம், ஆனால் வீட்டுக்குத் தெரிந்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்றார் டாக்டர். ஜெரோமுக்கு அதுதான் பெரிய பயம். ஞாயிற்றுக்கிழமை மூவரும் வால்பாறைக்குப் பஸ் ஏறினார்கள்.

வீட்டில் அவன் அம்மா மட்டும் இருந்தார். எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தலைகுனிந்தே இருந்தான். சொல்ல வேண்டியதெல்லாம் லோகப்பிரியாவின் நாக்கு நுனியில் நின்றது. அடக்கிக்கொண்டாள். இது அவன் வாயால் வர வேண்டிய சேதி. கடைசியில் ஜெரோம் சொன்னான், திக்கித் திக்கி, ஒன்றையும் மறைக்காமல்.

அம்மா எழுந்து அவன் அருகில் வந்து உட்கார்ந்தார். பிறகு அவன் தலையில் கை வைத்தார். "உனக்கு ஏதோ ஆயிருச்சுன்னு வேற யாரும் வந்து சொல்லல. நீயே வந்து சொல்லிட்ட. அது போதும்டா."

மறுநாளே எஸ்டேட் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவனோடு மலை இறங்கினார்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. இரண்டு மாதம் நன்றாக இருந்தவன் ஒருநாள் மறுபடி மாத்திரை போட்டுவிட்டான். ஆனால் மறைக்கவில்லை, தானாகவே சுஃப்யானுக்குப் போன் செய்து, மறுநாள் காலையில் மருத்துவமனை வாசலில் வந்து நின்றான். செய்தி கேட்டதும் லோகப்பிரியாவுக்கு அழுகை வந்தது. அவனே கூப்பிட்டிருக்கிறான் என்ற நிம்மதிதான் அந்த அழுகையில் பாதி.