அடுப்பில் சுட்ட கல்

…அதே கீறல், கோழி இறகு மாதிரி, வேறு கல்லாக இருக்க வழியே இல்லை. கனகவல்லி அதை ஈரத்தோடு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள், லாலாகுடா ஒர்க்‌ஷாப்பின் பன்னிரண்டு மணிச் சங்கு அப்போதுதான் ஊதி ஓய்ந்திருந்தது, அந்தச் சங்கு மௌலா அலி மலைப்பக்கம் போய் முட்டித் திரும்பி இன்னொரு தடவை மெலிசாகக் கேட்கும், அதுவும் கேட்டு அடங்கிவிட்டது, இவளுக்குத்தான் காதுக்குள் இன்னும் அடங்கவில்லை. நாகுவுக்குத் தண்ணீர் கொடுக்கலாமென்று கட்டில் பக்கத்துச் செம்பைச் சாய்த்தாள், அடியில் ணங்கென்று ஏதோ உருண்டது, கையை விட்டு எடுத்தால் இது, புளியங்கொட்டை அளவு மஞ்சள் கல், ஒரு ஓரத்தில் மட்டும் அவரைப்பூ ஊதா துளி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஓரத்தில் சூடு பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும், அவள்தானே சுட்டாள், இதோ இந்த அடுப்பில். யாருடி இதைப் போட்டது என்று கேட்டதற்கு ஒன்பது வயது நாகம்மா போர்வைக்குள்ளிருந்து, "அப்பாதான். காய்ச்சல் போறதுக்குக் கல்லுத் தண்ணி. உங்கிட்ட சொல்ல நக்கோ, வேணாம்னாரு" என்றாள். அப்புறம் மருந்து? காலையில் அப்பா கையால் குடித்தாயே, அது? பெண் பாத்திரம் கழுவுகிற அங்கணத்துப் பக்கம் பார்த்தாள். "அத ஊத்திட்டோம்மா. தினம் ஊத்திடுவோம். கசப்பு பட்டா கல்லு செத்துடும்." தினமும்! எட்டு நாளாகத் தினமும்! சீசாவில் வேளை அளவுக்கு ஒட்டிய காகிதத்தின் வெட்டுக்கள் ஒவ்வொன்றாக இறங்க இறங்க இவள் போய்ப் போய்ப் பார்த்துச் சந்தோஷப்பட்டாளே, பெண் அப்பா கையால் கொடுத்தால் மூஞ்சி சுளிக்காமல் குடிக்கிறது, நம் கையால்தான் பிடிவாதம் பிடிக்கிறது என்று காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாளே, அட படுபாவி மனுஷா…

அவள் புருஷன் துரைராஜ் முட்டாள் இல்லை, அதுதான் ஆத்திரம், பாய்லர் ஓட்டைக்குள் தலையை விட்டு எங்கே விரிசல் என்று சுத்தியல் தட்டிச் சத்தத்திலேயே சொல்கிற ஆள், ஃபோர்மன் துரையே இவனைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறான் என்று பேச்சு, அந்த மனுஷனுக்கு ஒரு கல்லைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தெரியவில்லையா, இது ஏன் தண்ணீரில் கிடக்கிறது, இது மருந்தை ஏன் வேண்டாம் என்கிறது… இவளிடம் கேட்டிருக்கலாமே, வல்லத்துக்காரி, கல்லுக்காரர் மகள், அப்பா படிகத்தைத் தேய்த்து மூக்குக்கண்ணாடிக்கு வில்லை போட்டவர், அம்மா உலை வைப்பதற்கு முன்னால் அப்பாவுக்குக் கல் சுட அடுப்பு வேண்டும், அப்படிப்பட்ட வீடு. கன்னத்தில் வைத்துப் பார் என்பார் அப்பா, கண்ணாடி உடனே உன் சூட்டை வாங்கிக்கொள்ளும், படிகம் சில்லென்றே கிடக்கும். உள்ளே குமிழி தெரிந்தால் தூக்கி எறி. புகை நிறத்தை மணலில் புதைத்துச் சுட்டால் வெளுத்துவிடும், ஊதாவைச் சுட்டால் மஞ்சள், அவசரப்பட்டுத் திறந்தால் விரிசல். அவ்வளவுதான் அதில் இருக்கிற மந்திரம், உப்பு புளி மாதிரி ஒரு வேலை. அதைப் போய் மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கல்சாமி என்று பலகை மாட்டி உட்கார்ந்திருக்கிற அய்யாக்கண்ணுவிடம் சொன்னது யார்? அவன் வெறும் ஊதாவும் வெள்ளையும் வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தான், மோண்டா மார்க்கெட்டில் காய் வாங்கப் போனவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், "அண்ணே, இதச் சுட்டா மஞ்சளாயிரும்"னு பீற்றிக்கொண்டு… அன்றிலிருந்து அவள் தங்கச்சி ஆனாள். சனிக்கிழமை சனிக்கிழமை முந்தானையில் முடிந்து ஊதாக் கல் வரும், மறு சனிக்கிழமை மஞ்சளாகப் போகும், அந்தக் கூலியில் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நாகுவுக்கு ஒரு ஜோடி கம்மல் என்று தொடங்கியது, கம்மல் வந்து ஒரு வருஷமாகிறது, சுடுவது நிற்கவில்லை.

இந்தக் கல்லைச் சுட்ட நாள்கூட ஞாபகம் இருக்கிறது, இல்லாமல் எங்கே போகும். சட்டியை இறக்கி, மணலோடு ஆறட்டும், விடிய விடிய ஆறட்டும் என்று விட்டிருக்க வேண்டும், அன்றைக்குத்தான் நாகுவுக்கு முதல் குளிர் வந்தது, பல் கிட்டி உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, கம்பளி கம்பளி என்று ஓடின ஓட்டத்தில் கால் இடறிச் சட்டி கவிழ்ந்து, சூட்டோடு கல் வெளியே வந்து விழுந்து, டிக்கென்று ஒரு சத்தம். இறகுக் கீறல். அய்யாக்கண்ணுவிடம், "அண்ணே, இது வீணாப்போச்சு, தள்ளிருங்க" என்றுதான் கொடுத்தாள், அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தான், "வீண் எதுக்குத் தங்கச்சி? இதுக்குன்னு ஒரு நோயாளி வருவான்." இவளும் சிரித்தாள். சிரித்தாளா இல்லையா? சிரித்தாள், சிரித்தாள், பல் தெரியச் சிரித்தாள். வந்துவிட்டானே நோயாளி, ரயில்வே சட்டையில் கரியோடு, பொண்ணுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் காய்ச்சல் சாமி என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பான், அய்யாக்கண்ணுவுக்கு இவன் யாரென்று தெரியாது, இவனுக்கும் அந்தக் கல் எங்கே சுட்டதென்று தெரியாது, நடுவில் இருக்கிற ஒருத்திக்குத்தான் இரண்டும் தெரியும்.

சீசாவில் இரண்டே வெட்டு மிச்சம். ஆஸ்பத்திரி டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார், குளிர் வருவதற்குள் கொயினா மருந்து உள்ளே போக வேண்டும், விட்டால் காய்ச்சல் தலைக்கு ஏறும், அப்புறம் என்னிடம் வந்து அழுது பிரயோஜனமில்லை. பயமுறுத்தலா அது? இரண்டு வீடு தள்ளி ஆரோக்கியசாமியின் பையன் போன மழைக்கு இதே முறைக்காய்ச்சலில்தானே போனான், திண்ணென்று இருந்த பிள்ளை, அந்தச் சின்னப் பெட்டியை இரண்டே பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு முறை நாள். நாலரைச் சங்குக்குக் குளிர் வரும், தப்பாமல் வருகிறது, அதுவும் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தது மாதிரி. ஒரு வெட்டு அளவு ஊற்றிக்கொண்டு போனாள், வாயைத் திற என்றாள், "நக்கோ" என்றது, அடி வாங்குவாய் என்றாள், "நக்கோம்மா, கல்லு செத்துச்சுன்னா காய்ச்சல் உள்ளாறயே தங்கிடும், நான் செத்துப்போவேன்" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டது. இந்தப் பிஞ்சு மனசில் எதை ஏற்றியிருக்கிறார்கள் பார். சரி, உண்மையைச் சொல்லிவிடுவோம், உண்மைக்கு என்ன கேடு, பக்கத்தில் உட்கார்ந்து கல்லைக் காட்டிச் சொன்னாள், இது வெறும் கல்லுடி, ஊதாவா இருந்தது, அம்மா நம்ம அடுப்பில் மணல் போட்டுச் சுட்டேன், மஞ்சளாச்சு, இந்தக் கீறல்கூட நான் கவிழ்த்ததில் விழுந்தது. நாகு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பொய். எதுக்கு இப்படிப் பொய் சொல்ற? அது மலைக்குள்ள ஆயிரம் வருஷம் தவம் பண்ணின கல்லு, அப்பா சொன்னாரு." அவ்வளவுதான், ஆத்திரம் மண்டைக்கு ஏறிவிட்டது, தாடையைப் பிடித்து, மூக்கைப் பிடித்து, ஊற்றி… பெண் திமிறித் துப்பியது, மருந்து முழுக்கப் பாயில், கசப்பு வாடை, ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. ஒரு வெட்டு மிச்சம். ஓங்கின கையால் அவள் தன் தொடையிலேயே அடித்துக்கொண்டாள்.

போய் அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும், இப்போதே, ஒரு டாங்கா வண்டி பிடித்தால் அரை மணி, சந்தில் காத்திருக்கிற அத்தனை பேர் முன்னாலும் கேட்க வேண்டும், ஏண்டா அய்யாக்கண்ணு, கல்லு பேசுமாடா, எங்கே இப்போ பேசச் சொல்லு, எந்த அடுப்பில் பிறந்தேன்னு அது வாயால் சொல்லட்டும்! அந்த மரத்தட்டு, அதில் குழி குழியாகக் கல், ரோஜா நிறம் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு, புகை நிறம் கண்ணேறுக்கு, ஊதா குடிகாரனுக்கு, மஞ்சள் விடாத காய்ச்சலுக்கு, வெள்ளைப் படிகம் எதற்கும் ஆகும். கண்ணை மூடிக் கல்லைக் கன்னத்தில் வைத்துக்கொள்வான், தலையை லேசாகச் சாய்ப்பான், ஹும்… ஹும்… என்று யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி. கன்னத்தில் வைத்துப் பார்ப்பதுகூட இவள் காட்டிக்கொடுத்ததுதான், கண்ணாடியா படிகமா என்று பார்க்க, அப்பா காட்டினது, அதை அவன் அசரீரி கேட்கிற வித்தையாக்கிவிட்டான். பக்கத்து வீட்டு லூர்துமேரி புருஷன் சாராயத்தை விடுவான் என்று ஊதாக் கல்லை நூலில் கட்டி அவன் தலையணைக்குள் வைத்திருக்கிறாள், கேட்டால் குறைச்சுட்டார் கனகம் என்கிறாள், குறைத்ததை யார் பார்த்தது. அப்போது இவள் வாயைத் திறந்தாளா? நல்லதுதான் அக்கா என்றாள். எத்தனை சனிக்கிழமை, எத்தனை மஞ்சள் கல், எண்பது இருக்குமா, நூறு… எல்லாம் எங்கே போயிருக்கும்? உப்பலில் ஒரு செம்பு, சந்திரயான்குட்டாவில் ஒரு செம்பு, ஒவ்வொரு செம்பு பக்கத்திலும் ஒரு கட்டில், அங்கணத்தில் ஊற்றின கொயினா. இதை இத்தனை நாள் நினைத்துப் பார்க்கவில்லையா நீ, கனகவல்லி? நினைத்தாய். தெரியும். நோய் எல்லாம் முகம் தெரியாதவர்கள் வீட்டில் இருந்தவரைக்கும் உனக்கு அது நிறம் மாற்றுகிற வேலை.

மூன்று மணி ஆகியிருக்கும், வெயில் கட்டில் காலுக்கு வந்துவிட்டது. எழுந்து முகம் கழுவினாள். கடைசி வெட்டை, சீசாவைத் தட்டித் தட்டிக் கிண்ணத்தில் இறக்கினாள், இதுவும் பாய்க்குப் போனால் நாளைக் காலை ஆஸ்பத்திரி திறக்கிறவரை ஒன்றும் கிடையாது. நாகு வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். கனகவல்லி கிண்ணத்தைத் தரையில் வைத்தாள், கல்லைத் துடைத்தாள், கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். சில்லென்றுதான் இருந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு தலையை லேசாகச் சாய்த்தாள், ஹும் என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஹும். போர்வை அசைகிற சத்தம் கேட்டது. "என்னம்மா?" சும்மா இருடி, சொல்லுது. "என்ன சொல்லுது?" கசப்புப் பட்டால் சாகிற கல் வேற ஜாதியாம், முழு மஞ்சளாம், இது ஓரத்தில் ஊதா வச்ச கல், இதுக்குக் கசப்புதான் ஆகாரமாம், எட்டு நாளாப் பட்டினி போட்டுட்டீங்களேங்குது, நீ குடிச்சாத்தான் அதுக்குப் போய்ச் சேருமாம்… எங்கிருந்து வந்தது இதெல்லாம்? ஒரு இடத்தில்கூட நாக்கு தடுக்கவில்லை. நாகு கல்லின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஊதா இருக்கிறதே, உண்மைதானே, "பாவம்மா அது" என்றாள், கிண்ணத்தை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு உடம்பை உதறிக்கொண்டாள். அந்தக் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அடுத்த நொடியே, கையில் கிடைத்ததை எடுத்து அய்யாக்கண்ணு மண்டையில் போட வேண்டும்போலவும் இருந்தது.

நாலரைச் சங்கு ஊதியது, மலையில் பட்டுத் திரும்பியது. கனகவல்லி போர்வைக்குள் கையை விட்டுப் பெண்ணின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முதலில் பாதம்தான் சில்லிடும், இன்னும் இல்லை, இன்னும் இல்லை, கொஞ்சம் தாமதித்து வரலாம், ஒரு வேளை மருந்தில் என்ன ஆகிவிடப் போகிறது, இருந்தாலும் இன்னும் இல்லை. துரைராஜ் எண்ணெய் வாடையோடு உள்ளே வந்தான், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, குளிரெடுக்குதா என்று கண்ணாலேயே கேட்டான். வார்த்தையெல்லாம் மத்தியானத்திலிருந்து அடுக்கி வைத்திருந்தாள், புத்தியிருக்கா உங்களுக்கு, பெத்த பொண்ணு மருந்தைச் சாக்கடையில் ஊத்துவீங்களா, அந்தக் கல் எந்த அடுப்பில் வெந்ததுன்னு தெரியுமா என்று, வாயைத் திறப்பதற்குள் நாகு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, கல்லு அம்மாகிட்ட பேசிச்சுப்பா! அதுக்கு மருந்து வேணுமாம்! நான் குடிச்சேன், குளிரே வர்ல!" அவன் பெண்ணைப் பார்த்தான், செம்பைப் பார்த்தான், மனைவியின் கையிலிருந்த கல்லைப் பார்த்தான். அப்புறம்தான் குனிந்து செருப்பைக் கழற்றினான், மெதுவாக, கோயில் வாசலில் கழற்றுகிற மாதிரி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், அந்த மனுஷன் இவளை இப்படி ஒரு நாள் பார்த்ததில்லை, சொல்வதைக் காதில் வாங்கினதில்லை, இப்போது தரையில் உட்கார்ந்துவிட்டான், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேற என்ன கனகம் சொல்லிச்சு?" என்றான். உண்மையைச் சொன்னால் நாளைக்கு மறுபடி சீசா வருமா, அது வாய்க்குப் போகுமா அங்கணத்துக்குப் போகுமா… அய்யாக்கண்ணுவும் முதல் தடவை இப்படித்தான், யாருடைய வாயையாவது திறக்க வைக்கத்தான், தலையைச் சாய்த்திருப்பானோ? கல் உள்ளங்கையில் சூடேறாமலே கிடந்தது. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, நுனி நாக்கிலேயே இருந்தது. மத்தியானத்திலிருந்து எரிந்துகொண்டிருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தாள், அந்த நேரத்துக்கு அது எங்கேயும் காணோம், அதுதான் பயமாக இருந்தது. அவன் காத்துக்கொண்டிருந்தான்.