கப்பலின் மூச்சு

சட்டை எடுக்க அலமாரியைத் திறந்த அண்ணி அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே சட்டை ஏது? மூன்று பக்கமும் கம்பளி தொங்கியது. நடுவில் மைக், அதன் முன்னால் ஒரு முக்காலி.

"கட்டிலுக்கு அடியில பெட்டியில இருக்கு அண்ணி," என்றாள் தங்கை.

"நான்தானே எடுத்து வெச்சேன். மறந்துட்டேன் பாரு."

பெட்டியிலிருந்து நீலச் சட்டையை எடுத்து, ஹாலில் கிடத்தியிருந்த அண்ணனுக்குப் போட்டுவிடச் சொல்லி சித்தப்பாவிடம் கொடுத்தார்கள். வண்டி வர நேரமிருந்தது. உட்கார்ந்தால் பேசவேண்டி வருமே என்று இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"இதயம் வீங்கியிருக்கு. நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. இதெல்லாம் ஒரே நாள்ல வர்றது இல்லம்மா. மூச்சு வாங்கியிருக்குமே? வீட்டுல யாருமே கவனிக்கலயா?"

கவனிக்காமல் என்ன? ஊரே கவனித்தது. நட்சத்திரம் போட்டுக் கவனித்தது.

அண்ணன் பெரிய துணிக்கடை ஒன்றில் மைக் பிடிக்கிறவர். சிவப்புச் சட்டை போட்ட குழந்தையின் அம்மா எங்கிருந்தாலும் பில் போடும் இடத்துக்கு வர வேண்டும் என்று அவர் கூப்பிட்டால், குழந்தையே இல்லாதவர்கள்கூட ஒரு நிமிஷம் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஒலிநூல் கம்பெனிக்காரர் வந்தார். நாவல் ஒன்றைக் கொடுத்து, வீட்டிலேயே படித்துப் பதிவு செய்து தரச் சொன்னார். நட்சத்திரங்களுக்கு நடுவே மந்திரத்தால் ஓடும் கப்பலின் கதை அது. அந்தக் கப்பலுக்கு உயிர் உண்டு. களைத்தால் மூச்சு வாங்கும்.

அண்ணன் அலமாரிக்குள் உட்கார்ந்து படிப்பார். தங்கை வெளியே கம்ப்யூட்டரில் பிழைகளை வெட்டி, துண்டுகளை ஒட்டிச் சரிசெய்வாள். அவளுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அதில் அவள் கெட்டிக்காரியும்கூட.

முதல் இரண்டு பாகங்கள் வெளியானதும் கேட்டவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். "கதை பிரமாதம். படிக்கிறவர் மாடிப்படி ஏறிக்கொண்டே படிக்கிறாரா? இரண்டு நட்சத்திரம்." இன்னொருவர், "இதற்கு என் மாமனாரின் குறட்டையே தேவலை" என்று எழுதியிருந்தார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த மாமனாரோட நம்பர் கிடைக்குமா பாரு. அடுத்த புத்தகம் அவரு படிக்கட்டும்."

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை, ரோஷம்தான் வந்தது. அன்றிலிருந்து வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே கேட்ட மூச்சை ஒன்று விடாமல் வெட்டினாள். வெட்டியதை வீசவும் மனசில்லை. எல்லாவற்றையும் வரிசையாக ஓர் இடத்தில் சேர்த்துவைத்து, கப்பல் வரும் காட்சிகளில் குரலுக்கு அடியில் ஒட்டினாள். யாரும் சொல்லித் தரவில்லை. அவளுக்கே தோன்றிய யோசனை. அதைச் சொன்னதும் அண்ணனும் படிப்புக்கு நடுவே வேண்டுமென்றே கப்பலைப் போல மூச்சு விட ஆரம்பித்தார், எது நடிப்பு எது களைப்பு என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

அதன்பிறகு ஒரே கொண்டாட்டம். "கப்பல் மூச்சு விடும் இடத்தில் புல்லரித்துவிட்டது. இதுவல்லவா நடிப்பு!" "பாகத்துக்குப் பாகம் கப்பலின் மூச்சு மெருகேறிக்கொண்டே போகிறது. ஐந்து நட்சத்திரம்." அதையெல்லாம் அவள்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவாள். வேர்த்து விறுவிறுக்க அலமாரிக் கதவைப் பிடித்தபடி நிற்பார்.

"மூச்சு வாங்குதே அண்ணே?"

"கப்பல் இன்னும் தரை இறங்கலம்மா," என்பார்.

கதவை மூடிய அலமாரி, ஃபேன் போட்டால் சத்தம் பதிவாகிவிடும், புழுக்கம். மூச்சு வாங்காமல் என்ன செய்யும் என்று அவளும் விட்டுவிட்டாள். பாகத்துக்குப் பாகம் மெருகேறுகிறது என்று எழுதினானே அந்த மகராசன், அவன் மட்டும் இப்போது எதிரே வந்தால் பளாரென்று ஒன்று வைத்துவிடுவாள்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம்."

கம்பெனிக்காரர். அறை வாசலில் செருப்பில்லாமல், கைகட்டி நின்றார். அவள் வெளியே வந்தாள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ரெண்டாம் புத்தகம் வருது. படிக்க வேற ஆளப் பாத்துக்குவோம். ஆனா கப்பலுக்கு மட்டும் சாரோட மூச்சே இருக்கட்டும்னு நேயர்கள் கேக்குறாங்க."

"அதுக்குள்ளயா?"

"சார் தவறிட்டார்னு காலையில போட்டோம். வந்து குவியுது பாருங்க."

போனை நீட்டினார். அழுகிற முகங்கள், கூப்பிய கைகள். அவற்றுக்கு நடுவே ஒருவர் எழுதியிருந்தார்: "ஐயோ! அப்படியானால் இனிமேல் கப்பலுக்கு யார்?"

"தர மாட்டேன்," என்றாள்.

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே வருத்தமாகத்தான் பார்த்தார்.

"நீங்க அனுப்பின ஃபைல்களோட அந்த மூச்செல்லாம் தனியாவே வந்திருக்கு சிஸ்டர். எங்ககிட்ட இருக்கு. ஒரு மரியாதைக்குக் கேட்டேன்."

மரியாதை தெரிந்த மனுஷன். திட்டக்கூட வழியில்லை. அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

அண்ணி அலமாரிக்குள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அது நடிப்புன்னு நெஜமாவே நெனச்சியா?" என்று கேட்டாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"நெனச்சேன் அண்ணி. நீங்க?"

அண்ணி கம்பளியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ராத்திரியில படுத்தாலே புஸ்சு புஸ்சுன்னு சத்தம். என்னங்க இதுன்னா, கப்பலுக்குப் பயிற்சின்னாரு. எனக்குத் தூக்கம் கெட்டுச்சு. உங்க கப்பலும் நீங்களும் நாசமாப் போங்கன்னு தலகாணிய எடுத்துட்டு ஹால்ல போய்ப் படுத்துட்டேன்." தடவிய கை கம்பளியில் நின்றது. "நாசமாப் போங்கன்னேன்."

தங்கை அவள் தோளில் கை வைத்தாள். அண்ணி அந்தக் கையைத் தட்டவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

"வெட்டினது எல்லாம் இருக்கா உங்கிட்ட?"

"இருக்கு."

"போடு. முதல்லேர்ந்து போடு. எதுலேர்ந்து நெஜம்னு எனக்குத் தெரியணும்."

"இப்ப வேணாம் அண்ணி."

"அப்புறம்னா எப்ப? அவர அனுப்பிட்டா?"

தங்கை கம்ப்யூட்டரைத் திறந்து முதல் துண்டை ஓடவிட்டாள். மூக்கால் இழுத்து வாயால் ஊதி, வேண்டுமென்றே கரகரப்பாக்கிய பெரிய மூச்சு. கடைசியில் அண்ணனின் சிரிப்பு. "எப்பிடி? கப்பல் பயந்துடுச்சா?"

"இது அவரு," என்றாள் அண்ணி. "அடுத்தது."

அடுத்ததிலும் சிரித்தார். அதற்கடுத்ததில் நாவலில் வராத ஒரு கெட்ட வார்த்தையைக் கப்பலைப் பார்த்துச் சொன்னார். அண்ணிக்கு உதடு கோணியது. சிரிக்கப் போகிறாளோ என்று தங்கை பயந்தாள். இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒன்றில் மூச்சு மட்டும் வந்தது. சிரிப்பு வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

"இதத் திரும்பப் போடு."

திரும்பப் போட்டாள். வாயால் ஊதவில்லை, கரகரப்பு இல்லை. சின்ன மூச்சுதான். வெட்டும்போது இதை எப்படிக் கேட்டோம் என்று தங்கைக்கு ஞாபகமே வரவில்லை. இதைப் போல நூற்றுக்கணக்கில் வெட்டியிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. "வண்டி வந்துடுச்சு," என்றது சித்தப்பாவின் குரல். "தூக்கலாமாம்மா?"

அண்ணி திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினாள். கதவுக்கு வெளியே நிற்பவருக்கு அது தெரியாது.

"அடுத்தது," என்றாள்.