இரண்டாவது கேபிள்

அன்றைக்கு சாம்பிள் ரூமில் இருந்தது மூன்று பேர். ஜெயபாரதி, துணியை வெட்டாமலே கம்ப்யூட்டரில் உடுப்பாக்கிக் காட்டுகிறவள். ராஜவேல் அண்ணன், தையல் லைன் மெக்கானிக். அப்புறம் நான், பாண்டித்துரை. நைட் ஷிப்டில் நிட்டிங் மெஷின் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் படிப்பைப் பாதியில் விட்டவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் வேறு ஆள் கிடையாது.

ஜெயபாரதிக்கு பெங்களூரில் ஒரு வேலை கிட்டத்தட்ட கிடைத்த மாதிரி. ஒரு வீடியோதான் பாக்கி. குழந்தை ஃபிராக் ஒன்று காற்றில் அசைய வேண்டும், சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் போய்விடுவாள். அனுப்பாவிட்டால் இங்கேயே இருப்பாள். அவள் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. அதை நான் அவளிடம் சொன்னதில்லை. கம்ப்யூட்டரைச் சரி செய்யத்தான் அவள் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

வீடியோவை ஓடவிட்டதும் கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்தது. மறுபடி போட்டாலும் அதே கதை. மூடியைக் கழற்றினேன். கிராபிக்ஸ் கார்டில் கரண்ட் வாங்க எட்டு ஊசி சாக்கெட் இரண்டு. பவர் சப்ளை பெட்டியிலிருந்து வந்ததோ ஒரே கேபிள், நுனியில் மட்டும் இரண்டு தலை. கார்டு முழு மூச்சாக இழுத்தால் ஒரு கேபிள் தாங்காது.

"இன்னொரு கேபிள் வேணும்," என்றேன்.

"இதுக்கா மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்கறே?" என்று ராஜவேல் அண்ணன் எழுந்து போனார்.

லைனில் ஒரு மெஷின் நின்றால் பக்கத்தில் சும்மா கிடக்கிற மெஷினின் வயரைப் பிடுங்கிச் சொருகுவது அவர் வழக்கம். எந்த வயரும் எந்த மெஷினுக்கும் சேரும். அதே போல ஸ்கிராப்பில் கிடந்த, வேறு கம்பெனி தயாரித்த பவர் சப்ளையிலிருந்து ஒரு கேபிளை உருவிக்கொண்டு வந்து, ஒரு நுனியைப் பெட்டியிலும் மறு நுனியைக் கார்டிலும் அவரே சொருகினார்.

"பொருந்துதுங்களாண்ணா?" என்றாள் ஜெயபாரதி.

"அளவெடுத்துத் தெச்சாப்பல உக்காந்துருச்சு. சுவிட்சப் போடு கண்ணு."

அவள் கை சுவிட்சுக்குப் போனது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கார்டு கருகும். பழி அண்ணன் மேல். அவள் இங்கேயே இருப்பாள்.

"கைய எடுங்க," என்றேன்.

"ஏனுங்க?"

"கார்டுப் பக்கம் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரிதான். பெட்டிப் பக்கம் அப்படி இல்ல. அவனவன் இஷ்டத்துக்கு வயர் குடுத்திருப்பான். இதப் போட்டா கார்டு காலி."

"பொருந்துச்சேப்பா!"

"பொருந்தும்ணே. அதான் சனியன்."

அண்ணன் கேபிளை உருவித் தூர வைத்தார். "நல்ல வேளை. இல்லாட்டி இந்தப் புள்ளயோட பெங்களூர நானே கொளுத்தியிருப்பேன்." பசிக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

பழைய கேபிளையே மறுபடி சொருகி, கார்டு இழுக்கிற கரண்ட்டை செட்டிங்கில் பாதியாகக் குறைத்து வைத்தேன். அந்த அளவை ஒற்றைக் கேபிளே தாங்கும்.

"மெதுவாத்தான் ஓடும்."

"முடிஞ்சிருமுங்களா?"

"முடிஞ்சிரும்."

பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஃபிராக்கின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது.

"நீங்க எதுக்குங்க படிப்ப விட்டீங்க?"

"தூக்கம் வந்துச்சு."

சிரித்தாள். அவள் தலைமுடி ஃபேன் காற்றில் என் தோளில் பட்டது. நான் நகரவில்லை. திரையில் சதவீதம் ஏறிக்கொண்டே இருந்தது. எண்பதில் நின்றுவிட்டால் தேவலை என்று பார்த்தேன். நிற்கவில்லை.

வெயில் இறங்கும்போது வீடியோவை அனுப்பினாள். கிடைத்துவிட்டதாகப் பதிலும் வந்தது. பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீங்க வரலீங்களா?"

"இதையெல்லாம் மூடி வைக்கணும்."

"வேற ஒண்ணும் சொல்றதில்லீங்களா, பாண்டி?"

"பாத்துப் போங்க."

பை வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு படி இறங்கினாள். அவள் பின்னாலேயே இறங்கிவிடாதபடி நான் கதவைச் சாத்தி உள்ளே இருந்து பூட்டினேன்.