பத்திரம் எழுதிய கை

தரகர் சின்னராசுவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதுதான் ஆயம்மாளுக்கு வினையாக வந்தது.

உரிமம் உள்ள பத்திர எழுத்தரோ வக்கீலோதான் கிரயப் பத்திரம் எழுதலாம், தரகர்கள் எழுதக்கூடாது என்று எண்பதுகளில் விதி வந்துவிட்டது. விற்பவர் வேண்டுமானால் தன் பத்திரத்தைத் தானே எழுதிக்கொள்ளலாம். சின்னராசுவுக்கு அந்த ஒரு சந்து போதாதா? பத்திரத்தை இவர் எழுதுவார். 'என் சொந்தக் கையால் எழுதியது' என்று இவரே முடிப்பார். கீழே விற்பவர் கையெழுத்துப் போடுவார். எழுத்துக்கூலி இவர் பைக்குப் போகும்.

ஆயம்மாள் கூலி வேலைக்காரி. வடக்கனந்தலில் ஆதிமூலத்தின் மனையை வாங்கப் பல வருஷம் களை பிடுங்கிச் சேர்த்திருந்தாள். ஆதிமூலம் நல்ல மனிதர்தான். ஆனால் மறுநாள் திருநாவலூரிலிருந்து வரும் மருமகன் அவர் மனசைக் கலைத்துவிடுவான். இன்றைக்கே பதிவாகாவிட்டால் மனை கைநழுவிவிடும்.

சார்பதிவாளர் பத்திரத்தைப் புரட்டினார். "இந்த வாரம் மூணு பேரு சொந்தக் கையால எழுதியாந்துட்டாங்க. மூணு பேருக்கும் ஒரே கையெழுத்து," என்றவர் ஆதிமூலத்தைப் பார்த்தார். "இத நீங்கதான் எழுதனீங்களா?"

சின்னராசு பஸ்ஸில் வழிநெடுக அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆதிமூலமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தாங்க எழுதனேன். சின்னராசு கையால எழுதனேன்," என்றார்.

பத்திரம் திரும்பி வந்தது.

"நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று சின்னராசு வெளியே நழுவினார். ஆயம்மாள் பின்னாலேயே ஓடினாள். எதிர்க் கடையில் உரிமம் பெற்ற எழுத்தர் வேடியப்பன் வெற்றிலை மென்றுகொண்டே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சின்னராசுவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"இப்பவே எழுதித் தரேம்மா. ஆனா அவுரு வந்து கேக்கட்டும்," என்றார் வேடியப்பன்.

சின்னராசு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரிங்க தரகரே," என்றாள் ஆயம்மாள். "மூணு பத்திரத்துக்கும் எழுத்துக்கூலி யாரு பைக்குப் போச்சுன்னு சாருக்குத் தெரியணுமாம். உள்ள போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

அவள் படியில் கால் வைப்பதற்குள் சின்னராசு வேடியப்பன் முன்னால் நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

வேடியப்பன் காதருகே கையைக் குவித்து, "இன்னா?" என்றார்.

"எழுதிக் குடுங்கண்ணே."

எழுத்துக்கூலியும் புது முத்திரைத்தாளும் சின்னராசு தலையிலேயே விடிந்தன. அலுவலகம் மூடுவதற்குச் சற்று முன் பத்திரம் பதிவானது. ஆதிமூலம் கட்டைவிரல் மையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மருமகன் மனைக்கு வந்தபோது நடுவில் ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஆயம்மாள் அதற்கு முளை அடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டு இங்க கட்டற?" என்றான் அவன்.

ஊரில் இந்தக் கேள்வியை அவளிடம் கேட்காத வாயே இல்லை. கேட்டபோதெல்லாம் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு நகர்ந்தவள்தான். இன்று அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னக் கேட்டுத்தான்," என்று இன்னொரு அடி போட்டாள்.