மூன்றாவது ஆள்

தீயணைப்பு வண்டியின் பக்கவாட்டில் பம்பை இயக்கும் விசைகள் கொண்ட பலகையை எந்த உயரத்தில் வைப்பது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கணவனின் தோள் எங்கே வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. பத்து வருஷமாகத் தலை சாய்த்த தோள். இந்த வருஷம்தான் அது கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. ஆறு பேர் இருக்கவேண்டிய அவனுடைய தீயணைப்பு நிலையத்தில் மூன்றே பேர். எப்போதாவது வீட்டுக்கு வந்தாலும், பேசிக்கொண்டிருக்கும்போதே காலுறையைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போவான்.

தண்ணீர், ஏணி, மீட்புக் கருவி எல்லாம் ஒரே வண்டியில் வேண்டும் என்று அவள் வேலை பார்க்கும் பட்டறைக்கு அந்த நிலையத்திலிருந்து ஆர்டர் வந்தபோது, வரைபட வேலையை அவள்தான் அடித்துப்பிடித்து வாங்கிக்கொண்டாள். "வண்டி வரையிறியா, வீட்டுக்காரருக்கு லீவு லெட்டர் எழுதுறியா?" என்று பக்கத்து மேசைக்காரி சீண்டினாள். பொய்யில்லை. ஏணிக்கு ஒரு பொத்தான், பம்புக்கு ஓட்டுநர் பக்கத்திலேயே இன்னொரு விசை. இரண்டு பேர் சமாளித்தால் மூன்றாமவன் வீட்டுக்கு வரலாமே! வரைபடத்தின் மூலையில் 'தேவையான ஆட்கள்' என்ற கட்டத்தில் 'இரண்டு' என்று ஆசை ஆசையாக எழுதியிருந்தாள்.

நிலைய அதிகாரி வரைபடத்தைப் பார்க்க வந்ததும் அந்தக் கட்டத்தில்தான் விரலை வைத்தார்.

"பிரமாதம்மா. மூணாவது ஆளை மலைப்பக்கம் புது ஸ்டேஷனுக்கு மாத்திடலாம். அங்க ஆளே இல்ல. கடைசியா சேந்தது உங்க வீட்டுக்காரர்தானே?"

அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். "இல்ல சார்... ஒருத்தர் லீவுல போகட்டும்னுதான்..."

"லீவா?" அவர் சிரித்துவிட்டார். "என் பொண்ண நான் பாத்தே மூணு வாரமாச்சும்மா. ஏதாவது மாத்தணும்னா இன்னிக்கே மாத்திடுங்க. நாளைக்குக் கையெழுத்து."

அவர் போன கொஞ்ச நேரத்தில் கணவன் போனில் கூப்பிட்டான். "என்னம்மா, வண்டி ஓகேவா? அப்ப ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும்..." பின்னால் மணி அலறியது. "வச்சிடறேன்."

இரண்டு என்று விட்டால் அவன் போயேவிடுவான். மூன்று என்று எழுதினால் இங்கேயே இருப்பான், ஆனால் வீட்டுக்கு வரமாட்டான். வராவிட்டாலும் இதே ஊரிலாவது இருக்கட்டும் என்று கேட்ட மனசை நினைத்து அவளுக்கே அழுகை வந்தது.

'மூன்று' என்று திருத்தினாள். மூன்றாமவனுக்கு வேலை வேண்டுமே. ஓட்டுநர் பக்கத்து விசையை அழித்தாள். பம்புக்கு இனி பக்கவாட்டுப் பலகை மட்டும்தான். அதன் முன்னால், அளவு காட்டுவதற்காக ஒரு மனித உருவத்தை நிறுத்தினாள். தோள் சரியாகப் பொருந்தியது. பலகையில் கை வைத்தபடி, அது அவளுக்கு முதுகைக் காட்டி நின்றது.