கணபதி பேர் எழுதிய டப்பா

கணபதிக்கு இரண்டு மாதமாக இருமல். மன்னவனூர் கேரட் காட்டுக் கூலி வேலைக்கு அவனையும் ஏற்றிப் போகிற ஜீப்பிலிருந்து, இருமிய வேறொருவனைக் கங்காணி ஏற்கெனவே இறக்கி விட்டிருந்தார். அதனால்தான், சுகாதார ஊழியர் சுதாராணி கணபதி பேர் எழுதிய டப்பாவை நீட்டி, "வெள்ளனே எந்திரிச்சதும் சளியை இதுல துப்பிக் குடுங்க" என்று சொல்லிப் போனதும், அவன் மனைவி ஞானம்மாவின் புத்தி கோணலாக வேலை செய்தது.

மறுநாள் அவன் துப்பிக் கொடுத்ததைப் பின்பக்கம் சௌசௌ கொடியடியில் கொட்டினாள். டப்பாவைக் கழுவி, தானே காறித் துப்பி மூடினாள். தனக்கு என்ன, வெறும் சர்க்கரை நோய்தானே! பனியில் கேரட் கழுவுகிறவளுக்குக் கொஞ்சம் சளி இருக்காதா? ரவிக்கை தொளதொளத்துப் போன பழியையும் சர்க்கரை மேலேயே போட்டுவிட்டாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். பிழைக்க ஒரு தந்திரம்கூடவா தெரியாது!

நான்காம் நாள் சுதாராணி மாஸ்க்கோடு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒங்க சளியில டிபி கிருமி இருக்கு. பயப்படாதீங்க. ஆறு மாசம் மாத்திரையை விடாமச் சாப்பிட்டா சரியாயிரும்."

 யார் சளியில்? ஞானம்மாவின் கையிலிருந்த முறம் நழுவி அரிசி சிதறியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அந்தப் பூதம் அவள் நெஞ்சுக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது.

கணபதி அவளைத்தான் பார்த்தான். "எனக்கு வந்தா வரட்டும் சிஸ்டர். இவ சர்க்கரைக்காரி. இவளுக்கு ஒட்டிருக்குமா?"

"அதாண்ணே எனக்கும் பயம். சர்க்கரை இருக்கிறவங்களை அது சுலபமாப் பிடிச்சுக்கிரும். மெலிஞ்சாக்கூட சர்க்கரைதான்னு நெனச்சுக்கிட்டு இருப்பாங்க. நீங்க நாளைக்கே வந்து மாத்திரையை ஆரம்பிங்க."

"வாரேன்" என்றான் கணபதி. அவளுடைய நோய்க்கு அவன் மருந்து தின்னப் போகிறான்.

"அவரு இல்ல சிஸ்டர்." ஞானம்மாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். "அது என் சளி. வேலை போயிரும்னு மாத்தி வச்சிட்டேன்."

"அப்ப என்னுது எங்கடி?"

"சௌசௌக்கு ஊத்திட்டேன்."

அடிப்பான் என்று நினைத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப்போனது.

"எலும்பாக் கெடக்கியே. நான் பாக்கவே இல்லையேடி" என்றான். சொல்லும்போதே இருமல் வந்தது.

ஞானம்மா சுதாராணியைப் பார்த்தாள். அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"மாசாமாசம் சர்க்கரை மாத்திரை வாங்க ஒங்க ஆஸ்பத்திரிக்குத்தான வாரேன் சிஸ்டர். திருட்டுத்தனம் பண்ணித்தான் என் சளி ஒங்க கைக்கு வந்துச்சு. என் பேரு எழுதி ஒரு டப்பாவ ஒருத்தரும் நீட்டலையே?"

சுதாராணி பையிலிருந்து புது டப்பா ஒன்றை எடுத்து, சௌசௌவுக்குப் போன சளிக்குப் பதிலாக மறுபடியும் கணபதி என்று எழுதினாள்.