இடறிய விடிவெள்ளி

என் சிநேகிதி விஸ்மாவைத் திருடி என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. எங்கள் தலைநகர் ரீகாவின் கையுறைக் கண்காட்சிக் குழுவில் இருப்பவர்கள் நாகரிகமானவர்கள். ‘சொந்த வடிவம்’ என்ற பிரிவுக்கு அவள் கொடுத்த கையுறைச் சோடியைத் திருப்பிவிட்டுத் தொலைபேசியில் தேனாகப் பேசினார்கள்.

“வேலை அருமைங்க. ஆனா இது குர்ஸெமெ பக்கத்துப் பழைய டிசைன் ஆச்சே! அங்க கடைக்குக் கடை தொங்குதே.”

“அது நான் போட்ட டிசைன்.”

“இருக்கலாங்க. அத விக்கற கடைக்காரங்க ஒருத்தராவது அப்படிச் சொன்னா சேத்துக்கறோம். நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பட்டியல் திறந்துதான் இருக்கும்.”

அந்தக் கையுறையில் எட்டு முனை விடிவெள்ளி இருக்கும். எங்கள் நாட்டில் பாதி கையுறைகளில் அது இருக்கிறது. விஸ்மாவின் விடிவெள்ளியில் மட்டும் கீழ்முனை ஒன்று சற்றே பக்கவாட்டில் விலகியிருக்கும், கல் தடுக்கி அடுத்த அடி வைக்கிறவனைப் போல. ஏன் இப்படி என்று நான் ஒருமுறை கேட்டபோது, “அசைவு” என்றாள். “எல்லாரும் நட்சத்திரத்தை ஆணி அடிச்சு மாட்டிடறாங்க. என்னுது நடக்கும்.” ஒரு கண்ணி தவறினால் கை முழுவதையும் அவிழ்த்துப் போட்டு மறுபடி பின்னுகிறவள் அவள். டிராமில் எதிர் இருக்கைக்காரியின் ஸ்வெட்டரில் பிழை கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு இறங்குவாள். அப்படிப்பட்டவள் அசைவு என்றால் அசைவுதான்.

என் சங்கதி வேறு. அம்மா ரீகா மத்தியச் சந்தையில் புகைபோட்ட மீன் விற்றவள். மீன்பெட்டிகளுக்கு நடுவில் வளர்ந்ததால், விலை கேட்கிறவரின் கண் எங்கே போகிறது என்று பார்க்கத் தெரியும். பின்னல் அவ்வளவாக வராது. நான் பின்னிய தொப்பியை என் கணவர் போட வேண்டுமானால் ஆற்றுத் தண்ணீரே உறைய வேண்டும். ஆனால் நூல் வாங்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஆகவே மறுநாள் காலை விஸ்மாவை என் காரில் ஏற்றிக்கொண்டு மேற்கே குர்ஸெமெப் பக்கம் கிளம்பினேன். அவளுக்கு வேண்டியது ஒரு கடைக்காரரின் ஒரு வார்த்தை. எனக்கு வேண்டியது கொஞ்சம் கம்பளி நூல்.

முதலில் துகும்ஸ் என்ற ஊர். கடைக்காரர் அர்விட்ஸ், மனைவி பின்னுவதையும் தான் சாயம் போட்ட நூலையும் சேர்த்து விற்கிறவர். விரல் நுனியெல்லாம் நீலம். சுவரில் எங்கள் விடிவெள்ளி வரிசையாக இடறிக்கொண்டிருந்தது.

“இதுக்கு ஒரு கதை இருக்குங்க,” என்று அவரே ஆரம்பித்தார். “விடிவெள்ளி வீட்டுக்குள்ள வருது. வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு கால தூக்கித் தாண்டுது. அந்தக் கால்தான் இது. இத போட்டவங்க வீட்டுக்குள்ள கெட்டது எதுவும் வராது.”

“இது நான் போட்ட டிசைன்,” என்றாள் விஸ்மா.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “இது இருநூறு வருஷத்து டிசைன் அம்மா. உங்களுக்கு அவ்வளவு வயசுன்னா, உடம்ப நல்லாவே வச்சிருக்கீங்க.”

விஸ்மாவின் முகம் போன போக்கைக் கண்டு நான் குறுக்கே புகுந்தேன். “அண்ணே, இத நீங்க எங்க பாத்து எடுத்தீங்க?”

“குல்டீகாவுல வெல்கா கடையில. முன்னோர்கள் கிட்டருந்து அவங்களுக்கு நேரடியா வந்துச்சாம்.”

“அந்த நீல நூல் என்ன விலை?”

“விலைச்சீட்டு ஒட்டியிருக்கே.”

“ஒட்டியிருக்கறது ஊருக்கு. எனக்கு என்ன விலை?”

எங்கள் நாட்டில் கடைகளில் பேரம் பேசுவதில்லை. பேசினால் கடைக்காரர் பதறுவார், பதறினால் குறைப்பார். இந்த உண்மையை நான் யாரிடமும் சொல்வதில்லை. நீல நூலில் ஒரு கட்டு பின்சீட்டுக்குப் போனது.

வழியில் நிறுத்தி, கேரட்டும் உருளைக்கிழங்கும் வைத்த அப்பம் ஒன்று வாங்கி விஸ்மாவின் கையில் கொடுத்ததும் ஆரம்பித்தாள்.

“வாசப்படிய தாண்டுதாம்! கேட்டியாடி?”

“கேட்டேன். நல்ல கதை. விலையில பாதி கதைக்குத்தான்.”

“நீ யார் பக்கம் மரூதா?”

“உன் பக்கந்தான்டி. ஆனா கத நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்ல வேணாமா?”

குல்டீகாவில் வெல்காவின் கடை செங்கல் பாலத்துக்குப் பக்கத்தில். அவள் மெலிந்தவள், குரலும் மெலிது, விலை மட்டும் தடிமன். அவளிடமிருந்த விடிவெள்ளி வாசலைத் தாண்டவில்லை, மணமேடை ஏறியிருந்தது.

“கல்யாணப் பொண்ணு சீதனத்துக்குப் பின்ற கையுறை இது,” என்று கிட்டத்தட்டக் கிசுகிசுத்தாள். “மாப்பிள்ள எப்படி இருக்கான்னு விடிவெள்ளி எட்டிப் பாக்குது. எட்டிப் பாக்கறப்ப ஒரு கால் பின்னால போகும் இல்லையா? இந்தச் சோடி போட்ட புருஷன் வேற வீட்டு வாசல மிதிக்க மாட்டான்.”

பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரி ஒருத்தி, யாரோ மொழிபெயர்த்துச் சொன்னதும் உடனே இரண்டு சோடி எடுத்தாள். இரண்டு எதற்கு என்று கேட்க எனக்கு நாக்கு அரித்தது.

“இது என்னுது,” என்றாள் விஸ்மா, இந்த முறை கொஞ்சம் உரக்க.

“நம்ம எல்லாருதும்தான் அக்கா,” என்று வெல்கா கண்ணை மூடிக்கொண்டாள். “நம்ம ரத்தத்துல இருக்கு.”

ரத்தத்தோடு வாதாட முடியாது. ஆனால் நான் சாம்பல் நூல் சிட்டங்களைக் கை நிறைய எடுத்துக் கல்லாவில் வைத்து, எடுத்ததில் பாதியைத் திரும்ப வைக்கப் போகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டதும், அவள் ரத்தத்தை விட்டு இறங்கி வந்தாள். அந்த வடிவத்தைத் தான் எடுத்தது லியெபாயாவில், அவுஸ்மா கடையில் என்றாள். “அவங்கதான் முதல்ல வச்சிருந்தாங்க. ஆனா அவங்களுக்குக் கதை சொல்லத் தெரியாது, பாவம்.”

லியெபாயா போகும் சாலையில் காற்று காரைத் தள்ளியது. பின்சீட்டில் நூல் கண்ணாடியை மறைக்குமளவுக்கு ஏறியிருந்தது. விஸ்மா மடியில் அந்தத் திருப்பிவிடப்பட்ட சோடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அங்கயும் இல்லன்னு சொல்லிட்டா?” என்றாள்.

“வேற டிசைன் குடுப்ப.”

“வேற டிசைன் நிறைய இருக்கு. அதையெல்லாம் யாரும் திருடலையே.” சிறிது தூரம் போனபின், “ஊரெல்லாம் போட்டுக்கிட்டுத் திரியறது என்னோட ஒண்ணே ஒண்ணுதான் மரூதா. அதுல என் பேர் இல்ல,” என்றாள். அவள் வருத்தத்தை நான் அப்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

அவுஸ்மா கல்லாவுக்குப் பின்னால் கோட்டை மாதிரி உட்கார்ந்து, கையைப் பார்க்காமலே காலுறை பின்னிக்கொண்டிருந்தார். கடையில் இன்னும் இரண்டு பேர்: நூல் பொறுக்கும் ஒரு பெண், அவள் பைகளைச் சுமந்துகொண்டு சுவரோரம் நிற்கும் அவள் கணவர். நூல் கடைக்குள் வந்த கணவர்கள் எல்லோருக்கும் அந்த முகம்தான், பல் டாக்டர் வீட்டுத் தாழ்வாரத்து முகம்.

விஸ்மா தன் சோடியைக் கல்லாவில் வைத்தாள். “இது என்னோட டிசைன். நீங்க விக்கறீங்க.”

அவுஸ்மாவின் ஊசிகள் நிற்கவில்லை. “எங்க வம்சத்துதுன்னு சொல்லிட்டு நாலஞ்சு பேர் வந்தாங்க. என்னுதுன்னு வந்தது நீங்க ஒருத்தர்தான். தைரியந்தான்.” தலையால் காட்டினார். “உங்களுதுன்னா சொல்லுங்க பாக்கலாம், அந்தக் கால் ஏன் அப்படி நிக்குது?”

“அது… அசைவு. நட்சத்திரம் நடக்கற மாதிரி…”

“வெல்கா இத விட நல்லா சொல்லுவா.”

“நான் யோசிச்சுப் போட்டது!”

“எல்லாக் கடையிலயும் ஒரு கதை இருக்கு அம்மா. நீங்க சொல்றதும் கதையாத்தான் இருக்கு. பின்னினவங்களுக்குக் கதையா தெரியும்? வேற ஏதாவது தெரியணுமே.”

விஸ்மாவின் கழுத்து சிவந்தது. காதுவரை ஏறியது. நான் அவளை இத்தனை வருடமாக அறிவேன். அந்த நிறத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையுறையைப் பார்த்தாள்.

“தப்பு,” என்றாள்.

“என்னது?”

“தப்பு பண்ணிட்டேன். போதுமா? அது அசைவும் இல்ல, மண்ணும் இல்ல. ஒரு கண்ணி தள்ளிப் போயிருச்சு.”

நான் நூல் கூடையைப் பிடித்துக்கொண்டேன். போப்பாண்டவர் வந்து, ‘எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு அசந்திருக்க மாட்டேன்.

“எப்படிப் போச்சு?” என்றார் அவுஸ்மா. குரலில் ஈரம் இல்லை, ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

“மேட்ச் பாத்துக்கிட்டே பின்னினேன். ஐஸ் ஹாக்கி.”

சுவரோரக் கணவர் திரும்பினார். “எந்த மேட்ச்?”

“இரண்டாயிரத்துல. மே மாசம். ரஷ்யாவோட.”

அவர் பைகளை மெதுவாகத் தரையில் வைத்தார்.

“கடைசி பீரியட், மேட்ச்சோட கடைசி இருபது நிமிஷம்,” என்றாள் விஸ்மா. “நம்ம ஆளுங்க ஒரு கோல் முன்னால. நான் எண்ணிக்கிட்டிருக்கேன். நம்ம கோல்கீப்பர் ஒண்ண தடுத்தாரு, எங்க வீட்டுக்காரர் யூரிஸ் சோபா மேல ஏறிக் கத்தினாரு, எண்ணிக்கை போச்சு. மேட்ச் முடிஞ்சு பாத்தா, அதுக்கு மேல எத்தனையோ வரிசை போயிருக்கேன்.”

“அவிழ்க்கலையா நீ?” என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“ரஷ்யாவ ஜெயிச்ச அன்னிக்கு யாருடி அவிழ்ப்பா? ஊரே தெருவுல ஆடுது, நான் உக்காந்து நூல் அவிழ்க்கறதா? மறுநாள் அடுத்த கையையும் அப்படியே பின்னிட்டேன். ஒரு கையில இருந்தா தப்பு. ரெண்டு கையிலயும் இருந்தா டிசைன்.”

“அப்புறம் அந்தச் சோடி?” என்றார் அவுஸ்மா.

“வீட்ல வச்சுக்கப் பிடிக்கல. ஜூன்ல, நடுக்கோடைத் திருநாளுக்கு முன்னாடி, ரீகாவுல பூவும் புல்லும் விப்பாங்களே, அந்தச் சந்தையில வித்துட்டேன்.”

ஊசிகள் நின்றன. அவுஸ்மா காலுறையைக் கீழே வைத்தார்.

“பக்கத்துல ஒரு பொம்பள சீரகம் போட்ட பாலாடைக்கட்டி வித்தாளா? தொண்டை கிழியக் கத்திக்கிட்டு?”

“ஆமா! என் காது ரெண்டு நாள் வலிச்சுது.”

“அவகிட்ட பாலாடைக்கட்டி வாங்கிட்டு, மிச்சக் காசுல உங்ககிட்ட கையுறை வாங்கினது நான்.” அவுஸ்மா எழுந்து நின்றார். எழுந்ததும் கடை சிறிதாகிவிட்டது. “ஒரு வார்த்தை சொன்னீங்களா, சாமான் பழுதுன்னு?”

“நீங்க கேக்கலையே!”

“விலைய குறைச்சுக் கேட்டேன், உடனே குடுத்தீங்க. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்!”

“உடனே குடுத்தியாடி?” என்று நானும் அவுஸ்மா பக்கம் சேர்ந்துகொண்டேன். சில விஷயங்களில் சிநேகிதம் பார்க்க முடியாது.

“பழுத மறைச்சு என் தலையில கட்டிட்டு, இப்ப என்னையே கேக்க வந்துட்டீங்க! நான் அத முன்னோர்கள் வேலைன்னு நெனச்சு வருஷக்கணக்கா பின்னித் தள்ளியிருக்கேன். அந்த வரிசையில விரல் எப்படி மடங்கும் தெரியுமா? முன்னோர்கள் ஏன் இப்படி வதைக்கறாங்கன்னு அழுதிருக்கேன்!”

“எனக்கும் அப்படித்தான் மடங்குது,” என்றாள் விஸ்மா. “இந்த இருபது வருஷமா வேணும்னே அந்தத் தப்பப் பண்ணிக்கிட்டிருக்கேன். சும்மா வரமாட்டேங்குது.”

அவுஸ்மா வாயைத் திறந்தார், மூடினார், பிறகு கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். ரேக்கில் இருந்த நூலுருண்டை ஒன்று உருண்டு விழுமளவுக்குச் சிரித்தார். இதுதான் சமயம் என்று நான் வேலையை ஆரம்பித்தேன்.

“அவுஸ்மா அம்மா, கண்காட்சிக் குழுவுக்கு ஒரு போன் போட்டு, இது இவ டிசைன்னு சொல்லிடுங்க.”

சிரிப்பு நின்றது. வியாபாரி திரும்பி வந்துவிட்டார். “சொன்னா என் கடை என்ன ஆகறது? செத்தவங்க பின்னினதுக்கு ஒரு விலை, உயிரோட இருக்கறவங்க பின்னினதுக்கு ஒரு விலை. அதுலயும் இது தப்பு வேற.”

அது நியாயமான பேச்சு. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். விஸ்மா தன் சோடியை எடுத்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினாள்.

“அதுல ஒரு சோடி எனக்குக் குடுங்க,” என்றார் சுவரோரக் கணவர்.

“குன்டார்ஸ், உங்ககிட்ட ஒரு பொட்டி நிறைய கையுறை இருக்கு,” என்றாள் அவர் மனைவி.

“அதுல எதுலயாவது அந்த மேட்ச் இருக்கா? கோல்கீப்பர் தடுத்தப்ப நான் எங்க அண்ணன் கால் மேல குதிச்சு விரல உடைச்சுட்டேன். படியில தவறி விழுந்தார்னு இன்னிக்கு வரைக்கும் அண்ணி நெனச்சிட்டிருக்கா.” கல்லாவுக்கு வந்து விடிவெள்ளியின் விலகிய காலை விரலால் தடவினார். “இந்த இடத்துலதானே தடுத்தாரு?”

“அந்த இடத்துலதான்,” என்றாள் விஸ்மா.

“அப்ப ரெண்டு சோடி. அண்ணனுக்கு ஒண்ணு.”

விலையைக் கேட்காமலே பணப்பையைத் திறந்தார். நான் அவுஸ்மாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். விலை கேட்காத வாடிக்கையாளர் என்பவர் வியாபாரத்தில் வால்நட்சத்திரம் மாதிரி. அந்த மேட்ச்சைப் பார்த்த ஆண்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். இதுவரை ஒருத்தரும் நூல் கடையில் தமக்கென்று ஒரு காசு செலவழித்ததில்லை. இருவரும் மனதுக்குள் ஒரே கணக்கைப் போட்டோம்.

அவுஸ்மா தொலைபேசியை எடுத்தார்.

“நான் லியெபாயா அவுஸ்மா பேசறேன். அந்த இடறி நிக்கற விடிவெள்ளி இருக்கே… ஆமா, அதுதான். அது பழசு இல்ல. இல்லம்மா, முன்னோர்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அது விஸ்மா பண்ணின தப்பு. தப்புன்னேன். ஆமா, அவங்க சொந்தத் தப்பு, வேற யாரும் பண்ணல. நான்தான் அவங்ககிட்ட வாங்கினேன், எல்லாரும் என்கிட்டருந்து எடுத்தாங்க. எழுதிக்கிட்டீங்களா?” குழலைக் கையால் பொத்திக்கொண்டு விஸ்மா பக்கம் திரும்பினார். “உங்க பேர எழுதிட்டாங்க. டிசைனுக்கு என்ன பேர் போடறதுன்னு கேக்கறாங்க.”

அசைவு என்று சொல்லிவிடப் போகிறாளே என்று எனக்குப் பயமாக இருந்தது. விஸ்மா குன்டார்ஸைப் பார்த்தாள். அவர் சூடான கடைக்குள்ளேயே இரண்டு கையிலும் கையுறையை மாட்டிக்கொண்டு, கழற்றச் சொல்லும் மனைவியிடம் மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“‘கடைசி பீரியட்’னு போடச் சொல்லுங்க,” என்றாள்.